தொட்டிக்கட்டு வீட்டைப் பழுது பார்க்க வரிச்சலுகை உண்டுங்களா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தொட்டிக்கட்டு வீடு, 1920-களில் கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை. முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம் (கூடம்), நடுவில் தொட்டி என்னும் திறந்த முற்றம், அதைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண், மேலே சீமை ஓடு. ஏறக்குறைய 3,200 சதுர அடி. வடக்குப் பக்கம் கைமரங்களைக் கரையான் தின்று கூரை இறங்கிவிட்டது. மேற்குச் சுவரில் பின்னாளில் பூசிய சிமென்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் பட்டா, ஆளுக்குச் சமபங்கு. மூவரும் சம்பளக்காரர்கள், குடியிருப்பது கோவையிலும் திருப்பூரிலும். வீடு இப்போது பூட்டித்தான் கிடக்கிறது.

எஸ்டிமேட் 42 லட்சம். அதில் 25 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முடித்தபின் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்கு விடலாம், இல்லையென்றால் நாமே ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று ரோசனை.

அமெரிக்காவில் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை வரியிலேயே கழிக்கிறார்களாம். இங்கே அப்படி ஏதாவது உண்டுங்களா? இல்லையென்றால் 42 லட்சத்தில் எதை எந்தக் கணக்கில் காட்ட முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.


பேரேடு:

முதல் கேள்விக்கு நேர் பதில்: இல்லைங்க. தனியார் ஒருவர் தன் பழைய வீட்டைச் செம்மை செய்தார் என்பதற்காக மட்டும் வரியைக் குறைக்கும் பிரிவு இந்திய வருமான வரிச் சட்டத்தில் கிடையாது. 10(19ஏ) என்று ஒன்று உண்டு, ஒரே ஒரு அரண்மனையின் ஆண்டு மதிப்புக்கு (வாடகைக்கு விட்டால் வரக்கூடிய தொகைக்கு) விலக்கு தருவது. அது முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு மட்டும். நம் பக்கத்துப் பட்டக்காரர் வீடுகளுக்கும் ஜமீன் வீடுகளுக்கும் அது பொருந்தாது.

அமெரிக்கச் சலுகை உண்மைதான், ஆனால் அங்கேயும் அது எல்லோருக்கும் இல்லை. கட்டடம் அவர்களுடைய தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது பதிவான வரலாற்றுப் பகுதிக்குள் அதன் சிறப்புக்குத் துணை நிற்பதாகச் சான்று பெற வேண்டும். வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கு மத்திய அரசின் 20 சதவீதம் கிடையாது. பொதுவாக 24 மாதத்துக்குள் செய்யும் செலவு, கட்டடத்தின் வரிக்கணக்கு மதிப்பையோ 5,000 டாலரையோ, எது அதிகமோ அதைத் தாண்ட வேண்டும். 2018 முதல் அந்த 20 சதவீதமும் ஐந்து ஆண்டுகளில் சம தவணையாகத்தான் வருகிறது. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அங்கேயும் ஒன்றும் கிடைக்காது.

இங்கே வீட்டின் வயதையோ அழகையோ சட்டம் கேட்பதில்லை. வீட்டை என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறது. அதனால் முடிவை முதலில் எடுங்கள், கூரை ஓடுகளை அப்புறம் இறக்குங்கள். கீழே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறையில் இருப்பதால் எண்கள் மாறும்.

பூட்டியே வைத்தால், அல்லது விசேஷத்துக்கு மட்டும் போய்வந்தால்: ஒருவருக்கு இரண்டு வீடு வரை ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று காட்டலாம், அதனால் வரி இல்லை. ஆனால் பழுது பார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான் கழியும். 2 லட்சம் என்று எல்லோரும் சொல்வது வீடு வாங்கவும் கட்டவும் வாங்கிய கடனுக்கு. பழுது, புதுப்பிப்பு என்றால் 30,000. அதுவும் கழிவுகள் உள்ள பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய வரிமுறையில் அதுவும் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து கடன் வாங்கினால் ஆளுக்கு 30,000 தனித்தனியாகக் கேட்கலாம். ஒருவர் பெயரில் மட்டும் கடன் வாங்கி மூன்று பேர் கழிக்க முடியாது. அசலுக்கு 80சி கழிவு (சேமிப்புக்கும் வீட்டுக்கடன் அசலுக்கும் தருவது) கேட்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். முடியாது. குடியிருந்த வீட்டின் பழுதுச் செலவை 80சி பிரிவே வெளியே தள்ளியிருக்கிறது.

வாடகைக்கு விட்டால் கணக்கு மாறும். உங்கள் எண்ணிக்கையிலேயே பார்ப்போம். மாத வாடகை 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. அந்த ஆண்டில் நீங்களே கட்டிய வீட்டுவரி 12,000 போனால் 3,48,000. அதில் 30 சதவீதம், 1,04,400, கேள்வி இல்லாமல் கழியும். மீதி 2,43,600. கடன் வட்டி 2,25,000 முழுவதும் கழியும், இங்கே 30,000 வரம்பு இல்லை. வரிக்கு வருவது 18,600, அதுவும் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 6,200.

இந்த 30 சதவீதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பழுதுக்கு என்று சட்டம் கொடுப்பது அவ்வளவுதான். 42 லட்சம் செலவழித்தாலும் அதே 30 சதவீதம், ஒரு ரூபாய் செலவழிக்காவிட்டாலும் அதே 30 சதவீதம். கொத்தனார் பில்லை வாடகையில் தனியாகக் கழிக்கவே முடியாது. கழித்துக் காட்டியவர்களுக்கு நோட்டீஸ் வருவது இதனால்தான்.

வாடகை குறைந்தால் நட்டம் வரும். மாதம் 20,000 வாடகை, வீட்டுவரி 9,000 என்று போட்டால் 63,300 நட்டம். பழைய வரிமுறையில் அதைச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆண்டுக்கு 2 லட்சம் வரை. புதிய வரிமுறையில் வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. இப்போது புதிய முறைதான் இயல்பாக வரும். பழையது வேண்டுமென்றால் சம்பளக்காரர்கள் கெடுவுக்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே முறையில் இருக்க வேண்டியதில்லை, அவரவருக்கு எது லாபமோ அது.

ஹோம்ஸ்டே என்றால் வாடகை வருமானம் இல்லை, தொழில் வருமானம். இங்கேதான் 42 லட்சம் உண்மையிலேயே கணக்குக்குள் வருகிறது. கட்டடத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம், அதாவது போட்ட பணத்தை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகக் கழிப்பது. முழுச் செலவும் கட்டடத்துக்கே போனதாக வைத்தால் முதல் ஆண்டு 4,20,000, அடுத்த ஆண்டு மீதி 37.8 லட்சத்தில் 10 சதவீதம் 3,78,000, இப்படிக் குறைந்துகொண்டே போகும். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். அதாவது அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு திறந்தால் முதல் ஆண்டு 2,10,000. ஏ.சி.க்கு 15 சதவீதம், மேசை நாற்காலிக்கும் மின்விளக்குப் பொருத்தங்களுக்கும் 10. அதனால் பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள், எல்லாவற்றையும் ஒரே காண்ட்ராக்ட் பில்லில் போட வேண்டாம். கடன் வட்டியும் முழுவதும் செலவுதான், ஆனால் திறக்கும் நாள் வரை ஓடிய வட்டி கட்டடச் செலவோடு சேரும்.

தாத்தா கட்டிய வீட்டின் இன்றைய மதிப்பை, 80 லட்சமோ ஒரு கோடியோ, தேய்மானக் கணக்கில் கொண்டுவரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. பரம்பரையாக வந்த சொத்துக்கு முந்தைய உரிமையாளருக்கு ஆன அசல் செலவைத்தான் எடுக்க வேண்டும், அதிலும் இத்தனை ஆண்டுத் தேய்மானம் போயிருக்கும். 1920-களின் ரூபாயில் அது ஒன்றுமே இல்லை. இப்போது போடும் பணம்தான் கணக்கு.


காரைச்சாந்து:

பேரேடு சொன்னதோடு வேலைப்பக்கம் இருந்து சில. கட்டட வேலையில் செய்யும் தவறு நேராகக் கணக்குப் புத்தகத்தில் போய் விழும்.

தொழிலுக்குப் பயன்படும் கட்டடத்தில் 'நடப்புப் பழுது' என்றால் அந்த ஆண்டே முழுச் செலவும் கழியும். உடைந்த ஓடுகளை மாற்றுவது, இற்றுப்போன கைமரத்தின் நுனியை வெட்டி அதே மரத்தில் ஒட்டுப் போடுவது, உதிர்ந்த காரையைத் திரும்பப் பூசுவது, வெள்ளையடிப்பது எல்லாம் இதில் வரும். புதிதாகக் கட்டும் குளியலறை, வீடு முழுக்கப் புது வயரிங், புதுத் தளம் எல்லாம் மூலதனச் செலவு, தேய்மானம்தான். ஒரு பெரிய புதுப்பிப்பைத் துண்டு துண்டாகப் பில் போட்டு 'பழுது' என்று காட்டுவது நிற்காது. பல்லிமல் நவல் கிஷோர் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சினிமாக் கொட்டகையைப் பற்றிச் சொன்னது இதைத்தான்: இயந்திரம், இருக்கை, கழிவறைப் பொருத்தம், வயரிங், கட்டமைப்பு வேலை எல்லாம் மொத்தமாகச் செய்தால் அது நடப்புப் பழுது ஆகாது. நம் மில்களுக்குத் தெரிந்த சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் தீர்ப்பும், 2007, அளவுகோலைச் சொல்கிறது: இருக்கும் சொத்தைக் காப்பாற்றுவதுதான் பழுது, புதுச் சொத்தைக் கொண்டுவருவது பழுது இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டை முதல்முறை தொழிலுக்குக் கொண்டுவரும் செலவு ஏறக்குறைய முழுவதும் மூலதனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுதுச் செலவு என்பது திறந்து ஓட ஆரம்பித்த பிறகு ஆண்டுதோறும் வரும் ஓட்டு வேலைக்கும் வெள்ளையடிப்புக்கும்தான்.

ரொக்கம். இதில்தான் நம் பக்கம் பெரிய நட்டம். சுண்ணாம்பு வேலைக்காரர்கள் பெரும்பாலும் பில் கொடுக்கிறவர்கள் இல்லை. சனிக்கிழமை மேஸ்திரி கையில் 80,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 80,000 தேய்மானக் கணக்கிலேயே சேராது. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போனால் மூலதனச் செலவாக இருந்தாலும் சட்டம் அதைச் செலவாகவே பார்ப்பதில்லை. நடப்புச் செலவுக்கும் 40ஏ(3) பிரிவில் அதே 10,000. மேஸ்திரி வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், ஜிபே போதும். அவர் ஆளுக்கு எவ்வளவு பிரித்தார் என்று மஸ்டர் ரோல் தாளில் பெயர், நாள், கூலி, கையெழுத்து வாங்கி வையுங்கள். வேலை எட்டு ஒன்பது மாதம் ஓடினால் ரொக்கமாகக் கொடுத்ததே பத்துப் பன்னிரண்டு லட்சம் ஆகிவிடும். அவ்வளவுக்கும் தேய்மானம் போகும்.

பொருள் பக்கம்: சீமை ஓடு 100 சதுர அடிக் கூரைக்கு 140 முதல் 150 வரை பிடிக்கும். சரிவும் நீட்டலும் சேர்த்து அளந்து எண்ணுங்கள், தரையளவை வைத்து எண்ணாதீர்கள். இறக்கும்போது முத்திரைவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். வேறு வேறு கம்பெனி ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டாது, மழை உள்ளே வரும். நல்ல ஓடு எத்தனை, உடைந்தது எத்தனை என்ற எண்ணிக்கைத் தாள் பிறகு வாங்கும் பில்லுக்கு ஆதாரம்.

மேற்குச் சுவர்ச் சிமென்டை முதலில் எடுங்கள், உளியும் சுத்தியலும் வைத்துக் கையால். பிரேக்கர் மெஷின் வைத்தால் பழைய செங்கல் முகம் போய்விடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைக்கிறது, ஈரம் உப்போடு உள்ளே தங்கிப் பூச்சைத் தள்ளுகிறது. அதன்மேல் திரும்ப சிமென்டே பூசினால் ஓரிரு மழைக்குள் அதே கதை, அதே செலவு. எடுத்தபின் சுவர் காய ஒரு கோடை முழுக்க விடுங்கள். பிறகு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சுண்ணாம்பை நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். நீறாத கட்டி ஒன்று உள்ளே இருந்தாலும் பூசிய பிறகு நீறி வெடித்துக் குழி விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பவர்கள் சேர்க்கலாம், ஆனால் ஊறும் நாளைக் குறைக்க அது வழி இல்லை. ஒரு பூச்சு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நனைச்சாக்குப் போட்டு இரண்டு வாரம் ஈரம் காக்க வேண்டும். இந்தக் காத்திருப்பெல்லாம் கால அட்டவணையில் இல்லையென்றால் 'மார்ச்சுக்குள் முடிக்கணும்' என்று அவசரப்பட்டு சிமென்டில் போய் முடியும். வரி ஆண்டுக் கணக்குக்காகச் சுவரை அவசரப்படுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாதித் தேய்மானம் ஓராண்டு தள்ளிப்போனால் பரவாயில்லை. நூறு வருசச் சுவரைத் திரும்பக் கட்ட முடியாது.


நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. இன்னும் இரண்டு சந்தேகம். ஹோம்ஸ்டேயை மூவரும் பார்ட்னர்ஷிப் ஃபர்ம் ஆக நடத்தினால் வீட்டை ஃபர்ம் பெயருக்கு மாற்ற வேண்டுமா? பிறகு, வீடு தோட்டத்துக்குள்தான் இருக்கிறது, சுற்றி நான்கு ஏக்கர் பண்ணையம் நடக்கிறது. அதனால் ஏதாவது மாறுமா? ஜி.எஸ்.டி. பற்றியும் சொல்லுங்க.


பேரேடு:

மாற்ற வேண்டாம், மாற்றவும் கூடாது. வீட்டை ஃபர்முக்குள் மூலதனமாகக் கொண்டுவந்தால் உங்கள் மூவருக்கும் மூலதன ஆதாயக் கேள்வி வந்துவிடும். மூன்று பேரும் ஃபர்முக்குக் குத்தகை எழுதிக் கொடுங்கள், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு, பதிவு செய்து. பிறகு செலவை ஃபர்ம் தன் கணக்கில் இருந்து செய்யட்டும். குத்தகைக் கட்டடத்தில் செய்யும் புதுப்பிப்புக்கும் அந்த அளவுக்குக் குத்தகைதாரரையே உரிமையாளராகக் கருதித் தேய்மானம் தருகிறது 32(1) பிரிவின் முதல் விளக்கம். அந்த விளக்கத்திலேயே 'புதுப்பிப்பு', 'மேம்பாடு' என்ற சொற்கள் இருக்கின்றன. பத்திரம் இல்லாமல் வாய்வார்த்தையில் நடத்தினால் இது கிடைக்காது. கடனும் ஃபர்ம் பெயரில் இருக்க வேண்டும். மூவர் பெயரில் கடன், ஃபர்ம் பெயரில் செலவு என்று குழப்பினால் வட்டி இரண்டு பக்கமும் நிற்காமல் போகும்.

பண்ணையத்துக் கேள்வி நல்ல கேள்வி, நம் ஊர்ப்பக்கம் பலருக்கும் இது தெரிவதில்லை. விவசாய நிலத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் வீட்டை, பண்ணையம் செய்பவர் குடியிருக்கவோ தானியம் வைக்கவோ பயன்படுத்தினால், நில வரி உள்ளிட்ட நிபந்தனைகள் பொருந்தினால், அந்த வீட்டின் வருமானம் விவசாய வருமானம், வரி இல்லை. ஆனால் அதே வீட்டைக் குடியிருக்க வாடகைக்கு விட்டாலும், தொழிலுக்கு விட்டாலும் விவசாய வருமானம் ஆகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. 'தோட்டத்து வீடுதானே, ஹோம்ஸ்டே வருமானமும் விவசாயம்தான்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஜி.எஸ்.டி.: பதிவு பெற்ற காண்ட்ராக்டர் போடும் பில்லில் 18 சதவீதம் வரும். பழைய கட்டடம் என்பதற்காகத் தனியாருக்குக் குறைந்த விகிதம் கிடையாது. அந்த வரியைத் திரும்ப எடுக்க வழி குறைவு. கட்டடத்தில் மூலதனமாகச் சேர்க்கும் கட்டுமானத்துக்கும் புதுப்பிப்புக்கும் பழுதுக்கும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுப்பதை) தடுக்கிறது. மூலதனமாக்காத பழுதுக்கு எடுக்கலாம், ஆனால் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் உள்ளீட்டு வரி இல்லாத 5 சதவீதம்தான், அதனால் ஹோம்ஸ்டேக்கு அந்த வழியும் அடைபடுகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆன்லைன் தளம் மூலம் வரும் விருந்தினருக்கு அந்தத் தளமே வரி கட்டும். கடைக்கு விட்டால், பதிவு பெற்ற கடைக்காரர், சிறு வணிகருக்கான காம்போசிஷன் முறையில் இல்லையென்றால், உங்கள் வாடகைக்கான 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். வாடகை பேசும்போது அதை அவர் சொல்வார், அதிர வேண்டாம். 42 லட்சம் எஸ்டிமேட்டில் இந்த 18 சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கும் எண்ணம் எப்போதாவது வருமென்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் எடுத்த கட்டடத்தை விற்றால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், அந்தக் கட்டடப் பகுதியின் ஆதாயம் குறுகிய கால ஆதாயமாகத்தான் வரும். நிலம் தனி. வாடகைக்கு விட்டு, தேய்மானம் எடுக்காமல் இருந்தால் மேம்பாட்டுச் செலவை விற்பனைக் கணக்கில் கழிக்கலாம். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைய பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பைத் தாண்ட முடியாது. அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கூரை இறக்கும் முன் வரச் சொல்லுங்கள். வேலை முடிந்த வீட்டைப் பார்த்து 2001-இல் எப்படி இருந்தது என்று யாராலும் எழுத முடியாது. 2024 ஜூலை 23-க்கு முன் கிடைத்த சொத்து என்பதால் 12.5 சதவீதமா, பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதமா, எது குறைவோ அது உங்களுக்குக் கிடைக்கும்.


காவிரிக்கரைக் கணக்கர்:

தனியார் வீட்டைப் பற்றி மேலே எல்லாம் வந்துவிட்டது. ஊர்ச்சாவடி, பழைய பள்ளிக்கூடம், சத்திரம், கோவில் என்று பொதுக் கட்டடங்களுக்குப் பணம் திரட்டும் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் சேர்க்கிறேன்.

கோவிலுக்குக் கும்பாபிஷேகத் திருப்பணி நன்கொடை கொடுத்தால் எல்லாக் கோவிலுக்கும் 80ஜி, அதாவது கொடுத்தவருக்கு வரிக்கழிவு, கிடைக்காது. வரலாற்று, தொல்லியல், கலைச் சிறப்புள்ளது அல்லது மாநிலம் முழுக்கப் பெயர்பெற்ற வழிபாட்டிடம் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால்தான். அப்போதும் கொடுத்ததில் 50 சதவீதம், அதுவும் மொத்த வருமானத்தின் 10 சதவீத வரம்புக்குள். ரசீதில் அறிவிக்கை எண்ணும் நாளும் இருக்கிறதா பாருங்கள். குலதெய்வக் கோவில் அறக்கட்டளைகளுக்கு வழக்கமான 80ஜி பதிவு கிடைப்பது கடினம். குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தாருக்கோ பயன்படும் அமைப்பை அந்தப் பிரிவு ஏற்பதில்லை.

பொதுக் கட்டடம் என்றால் வழி நன்றாகவே இருக்கிறது. நினைவுச்சின்னங்களையும் கலை, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களையும் பாதுகாப்பது 'அறப்பணி' என்று 2(15) பிரிவு 2009 ஏப்ரல் முதல் தனியாகவே சொல்கிறது. தனியாக நிற்பதால், பொதுப்பயன் அமைப்புகளுக்குள்ள 20 சதவீத வணிக வரவு வரம்பு இதற்கு வராது. நுழைவுக் கட்டணம் வாங்கும் பழைய கட்டடத்துக்கு இது பெரிய நிம்மதி. அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும் முதலில் தற்காலிகமாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் நன்கொடை விவரங்களைப் படிவம் 10பிடி-யில் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்று தர வேண்டும். இதை விட்டுவிட்டால் கொடுத்தவரின் கழிவு போய்விடும், அடுத்த முறை யாரும் கொடுக்க மாட்டார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடைக்குக் கழிவே இல்லை.

இப்போது கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் புதிய வரிமுறையில், அவர்களுக்கு 80ஜி இல்லை. 22 சதவீத விகிதத்துக்குப் போன கம்பெனிகளுக்கும் இல்லை. அதனால் நோட்டீசில் 'வரிவிலக்கு உண்டு' என்று பெரிதாக அச்சடித்துப் பயன் கொஞ்சம்தான். பெரிய தொகை வருவது சி.எஸ்.ஆர். பணத்தில் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகையில்) இருந்து. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை 'வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களையும் இடங்களையும் மீட்டெடுப்பது' என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டே ஆக வேண்டும். உங்கள் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், 12ஏபியும் 80ஜியும் கையில் இருக்க வேண்டும். திருப்பூர், கரூர்ப் பக்கம் ஏற்றுமதியாளர்கள் பலரும் பார்ட்னர்ஷிப்பாகவோ எல்.எல்.பி.யாகவோ இருப்பார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. கோவை, ஈரோடு பக்கம் பிரைவேட் லிமிடெட், லிமிடெட் கம்பெனிகளிடம் கேளுங்கள், நவம்பர் டிசம்பரிலேயே கேளுங்கள். மார்ச்சில் போனால் பணம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

நொய்யல்கரைக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டையே அறக்கட்டளை ஆக்கி நன்கொடை வாங்கலாமே என்று யாராவது ரோசனை சொல்வார்கள். நிறுவியவரோ அவர் உறவினரோ அந்தச் சொத்தில் பயன் அடைந்தால் 13-ஆம் பிரிவில் விலக்கு பறிபோகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பம் போய்த் தங்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.


சங்ககிரி வழிப்போக்கர்:

ஒரு சின்ன விசயம், ஆனால் வேலையையே நிறுத்திவிடும். நாமக்கல் கோட்டை, சங்ககிரிக் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுது, புதுப்பிப்புக்கும் அனுமதி வேண்டும். அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி, அங்கேயும் அனுமதி வேண்டும். தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வருவதற்குள் கடன் தொகையை வாங்கிவிட்டால் வட்டி சும்மா ஓடும்.


காரைச்சாந்து:

நொய்யல்கரை, அடுத்த வாரம் மேஸ்திரி வருகிறார் என்றால் அதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவு: வடக்குக் கூரையையும் மேற்குச் சுவரையும் தேதியோடு போட்டோ, ஒவ்வொரு அறையும் நான்கு மூலையில் இருந்து. தூண்களுக்கு எண் போட்டு ஒரு அளவு வரைபடம். மதிப்பீட்டாளர் அறிக்கை. கடன் அனுமதிக் கடிதத்தில் 'வீடு பழுது, புதுப்பிப்புக்காக' என்ற வாசகம். அது இல்லையென்றால் வட்டியைக் கழிக்கும்போது பணம் எங்கே போனது என்று வங்கிக் கணக்கை வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று.

வீட்டின் தரையளவைக் கூட்டாதீர்கள். பின்னால் ஒரு அறை சேர்த்தாலும் வீட்டுவரி மறுஅளவைக்கு வரும். கடையோ ஹோம்ஸ்டேயோ வந்தால் வீட்டுவரி வகையும் மின்கட்டண வகையும் எப்படியும் மாறும், அதை வாடகைக் கணக்கில் இப்போதே போட்டுவிடுங்கள். தேக்குத் தூணை வாங்க ஆள் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். தொட்டியைச் சுற்றி அந்த எட்டுத் தூண்தான் கூரையைத் தாங்குகிறது, அதற்குப் பதில் நிறுத்தும் கான்கிரீட் தூணின் எடைக்குப் பழைய கல் அடித்தளம் கட்டியதில்லை.


நொய்யல்கரை:

எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.டி. சேரவில்லைங்க, இப்போதுதான் கேட்டேன். காண்ட்ராக்டருக்கு மொத்தமாக விட்டால் 42 லட்சத்தோடு 7,56,000 கூடுதல். சுண்ணாம்பு வேலையை மட்டும் தனியாக மேஸ்திரியிடம் கூலிக்குக் கொடுத்து, பொருளை நாங்களே வாங்கினால் குறையும் அல்லவா?


பேரேடு:

குறையும். பதிவு பெறாத மேஸ்திரியின் கூலிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பொருளுக்கு அதனதன் விகிதம் மட்டும். கூரை மரவேலையும் மின்வேலையும் காண்ட்ராக்டரிடம், காரை வேலையும் ஓட்டு வேலையும் நேரடிக் கூலிக்கு என்று இரண்டு ஒப்பந்தமாகப் பிரியுங்கள். பிரித்தால் மஸ்டர் ரோலும் பொருள் பில்லும் உங்கள் பொறுப்பு. மூவரில் ஒருவர் வாரம் ஒருமுறை ஊரில் உட்கார்ந்து எழுத முடியும் என்றால் மட்டும் பிரியுங்கள். முடியாது என்றால் 18 சதவீதத்தைக் கொடுத்து முழுப் பில் வாங்குங்கள், அதுவும் கட்டடச் செலவோடு சேர்ந்து தேய்மானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.